பால் வற்றிவிடும் என்றார்கள்

3 மார்ச் 1986, திங்கள்

இன்று எண்பது மில்லி. நேற்றையைவிடப் பத்துக் கூட. போத்தலைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்கள் வீடிருக்கிற பூம்ப்ளிஸில் ஆஸ்பத்திரி பஸ் ஏறினேன். ஐஸ் தேவையில்லை, இந்தச் சுவிஸ் குளிரே போதும்.

வாசுகி பிறந்து இன்றைக்கு மூன்று கிழமை. ஏப்ரல் கடைசியில் வரவேண்டியவள் பெப்ரவரி பத்தாம் திகதியே வந்துவிட்டாள். ஆயிரத்து நூற்றிருபது கிராம். தாயைப் போல அவசரக்காரி. கண்ணாடிப் பெட்டியின் ஓட்டைக்குள்ளால் கையை விட்டுத் தொடலாம். அவளுடைய பாதம் என் பெருவிரல் நீளம்கூட இல்லை. என் பாலைத்தான் மூக்குக்குழாயால் கொடுக்கிறார்கள். போத்தலை வாங்கும்போது தாதி ஒவ்வொரு நாளும் "பிராவோ" என்கிறார். அவளுக்காக நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

12 மார்ச், புதன்

பெரிய டொக்டர் என்னையும் வாசுகியின் அப்பாவையும் கூப்பிட்டுக் கதைத்தார். மொழிபெயர்க்கக் கலா அக்கா வந்தார். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி, எண்பத்துமூன்று கடைசியில் வந்தவர், ஆஸ்பத்திரி உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை. ஜெர்மன் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் இல்லாவிட்டால் நானும் இவரும் வாய் இருந்தும் ஊமைகள்.

டொக்டர் கால் மணித்தியாலம் கதைத்தார். தாளில் ஒரு தலையைக் கீறி, இடது பக்கத்தில் பேனையால் ஒரு பொட்டை அழுத்திக் கறுப்பாக்கினார். கலா அக்கா கேட்டுக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "சிறிசு எண்டுதான் சொல்லினம் பிள்ளை. மெல்ல மெல்ல வளந்திடுமாம். நீ பாலைப் பார்" என்றார்.

"அவ்வளவுதானோ? எவ்வளவு நேரம் கதைச்சவர்!"

"டொக்டர்மார் அப்பிடித்தான். சுத்தி வளைச்சுச் சொல்லுவினம்."

அந்தப் படத்தைக் கேட்டேன். மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துவிட்டார். திரும்பும்போது அவரும் இவரும் பின்னால் நின்று கொஞ்ச நேரம் கதைத்தார்கள். பஸ்சில் இவர் வாயே திறக்கவில்லை. பாவம், ஆஸ்பத்திரி மணமே இவருக்கு ஒத்துக்கொள்ளாது.

27 மார்ச், வியாழன்

ஆயிரத்து அறுநூறு கிராம். பால் நூற்றிப்பத்து. நாங்கள் இருவரும் நல்ல பிள்ளைகள்.

24 ஏப்ரல், வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது. இவர் தான் சமைக்கிற ரெஸ்டோரண்டில் லீவு கேட்டு, பிள்ளையின் கட்டிலைத் தானே பொருத்திப் பூட்டி, சுவரோடு அணைத்துப் போட்டுவைத்திருந்தார். "இப்பிடிப் போட்டால்தான் யன்னல் வெளிச்சம் பிள்ளையின்ரை முகத்திலை படும்" என்றார். பெருமை தாங்கவில்லை மனிதனுக்கு. எனக்கும்தான்.

8 மே, வியாழன்

ரஷ்யாவில் அணு உலை வெடித்து அந்தக் காற்று இங்கேயும் வந்துவிட்டதாம். பால் கொடுக்கிற தாய்மார் கீரை, இலை தின்னக்கூடாதாம். கலா அக்கா படியேறி வந்து சொன்னார். சொன்ன கையோடு, "நீ இதுகளை யோசியாதை. செய்தி கேளாதை. மனம் நொந்தால் பால் வத்திப்போகும்" என்று ரேடியோவையும் நிறுத்தினார்.

ஊரிலிருந்து வரும் கடிதங்களையும் இவர் முதலில் வாசித்துவிட்டுத்தான் என்னிடம் தருகிறார். இரண்டு பக்கம் இருந்தால் ஒரு பக்கம்தான் என் கைக்கு வருகிறது. கோபம் வரவேண்டும். வரவில்லை. யாராவது எனக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார்களா என்றுதான் இருக்கிறது.

19 ஜூலை, சனி

வாசுகி வலது கையைப் பொத்தியே வைத்திருக்கிறாள். பெருவிரல் உள்ளே. குளிப்பாட்டும்போது விரித்தால் அழுகிறாள். இடது கை அப்படி இல்லை.

இவரிடம் காட்டினேன். "எல்லாப் பிள்ளையளும் பொத்திக்கொண்டுதான் பிறக்குதுகள்" என்றார், அவளைப் பார்க்காமலே.

1 ஆகஸ்ட், வெள்ளி

சுவிஸ் தேசியப் பெருநாள். பின்னேரம் கீழே பிள்ளைகள் வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் வாசுகி திடுக்கிட்டாள். இடது கை விரிகிறது. வலது கை விரியவில்லை. மூன்று வெடி, நான்கு வெடி, நின்று பார்த்தேன். ஒருக்காலும் விரியவில்லை.

கலா அக்காவிடம் கேட்டேன். டொக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கோ என்றேன். "கேட்டனான் பிள்ளை. இடதுகைக்காரியாக்கும் எண்டு சொன்னவர்" என்றார்.

சரி. டொக்டர் சொன்னால் சரி.

18 செப்டம்பர், வியாழன்

மத்தியானம் யாரோ மணி அடித்தார்கள். இவர் இடைவேளைக்கு வந்திருந்தார். கதவைப் பாதி திறந்து என்னவோ சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு நரைத்த குட்டைமயிர்க்காரி, தோளில் பெரிய துணிப்பை. பையிலிருந்து ஒரு மரக் கிலுகிலுப்பையின் பிடி எட்டிப் பார்த்தது.

"ஆரப்பா?"

"வேதப் புத்தகம் விக்க வந்தவ."

கிலுகிலுப்பையோடா வேதம் விற்கிறார்கள் என்று கேட்டுச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

12 நவம்பர், புதன்

எங்கே தொடங்குவது.

நிறை பார்க்கிற நாள். தாய்மார் ஆலோசனை நிலையத்துக்கு எப்போதும் கலா அக்காவோடுதான் போவேன். இன்று அவருக்கு வேலை. தனியாகப் போனேன். அங்குள்ள தாதி வாசுகியின் வலது கையைப் பிடித்துப் பார்த்தார், காலைப் பார்த்தார், முகம் மாறியது. ஜெர்மனில் கேட்டார். விளங்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும், பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். சொன்னேன். அவரும் மெல்ல மெல்ல இங்கிலீஷில் சொன்னார்.

பிறந்த மூன்றாம் நாள் வாசுகியின் மூளையில், இடது பக்கத்தில், இரத்தம் கசிந்திருக்கிறது. அதனால் வலது பக்கம் இறுக்கம். மார்ச்சிலேயே சொல்லிவிட்டார்களாம். எனக்கு. எனக்குச் சொன்னார்களாம்! வீடு தேடி வந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒருவரை ஒழுங்கு செய்தார்களாம். கெர்பர் என்று பெயர். மூன்று கடிதம். ஒரு தரம் நேரே வந்தும் பார்த்தார். நாங்கள் வேண்டாம் என்றோமாம்.

கோவையைத் திருப்பிக் காட்டினார். தாய் விரும்பவில்லை என்று எழுதி, கீழே கையெழுத்து. எனக்குத் தெரிந்த கையெழுத்து. கலியாணப் பதிவில் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற அதே கையெழுத்து.

தாதி கேட்டார், ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று. கோபமாக இல்லை, பரிதாபமாகக் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. பிள்ளையைக் கவனிக்காத தாய் என்று எட்டு மாதமாக அந்தத் தாளில் இருந்திருக்கிறேன்.

என் வாயில் இங்கிலீஷ் இருந்தது. எட்டு மாதமும் இருந்தது. ஒருநாள் நானாக டொக்டரிடம் வாயைத் திறந்திருந்தால்—

இவர் இடைவேளைக்கு வந்ததும் கேட்டேன். மழுப்பவில்லை. கதிரையில் இருந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"தாய்ப்பால்தான் பிள்ளைக்கு இப்ப மருந்து எண்டு டொக்டர் சொன்னவர். உமக்குச் சொன்னால் பால் வத்திப்போகும் எண்டு அக்கா பயந்தா. எனக்கும் பயம். பிறகு சொல்லுவம் எண்டுதான்..."

"பிறகெண்டால் எப்ப? பிள்ளை மசிச்ச சோறு தின்னுறாள். இன்னும் என்ன பால்?"

"நாள் போகப் போகச் சொல்ல வாய் வரேல்லை. அந்த மனிசி வீட்டுக்கை வந்தால் எல்லாம் தெரிஞ்சிடும். நீர் என்னைக் கேப்பீர்."

"இப்ப கேக்கிறன். சொல்லுங்கோ!"

நேரமாகிறது என்று வேலைக்கு எழும்பிப் போனார். சோஸ் அடிப்பிடித்துவிடும் போலும்.

நான் நிலத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். எப்பிடி அழுதன் எண்டு எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டுச் சுவிஸ் கிழவர் சுவரில் தட்டினார். தட்டட்டும். பிறகு வாசுகி பசியில் சிணுங்கினாள். தூக்கினேன்.

பால் வந்தது. சட்டை நனைய நனைய வந்தது.

15 நவம்பர், சனி

கீழே தோய்க்கும் அறையில் எங்களுக்கும் கலா அக்காவுக்கும் ஒரே நாள். போகாமல் விட யோசித்தேன். ஏன் நான் ஒளிக்கவேண்டும்?

அவர் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது. இவர் சொல்லியிருக்கிறார் போலும்.

"டொக்டர் கீறின படம் எங்கை அக்கா?"

"இருக்குது. எறியேல்லை."

"என்ரை பிள்ளையின்ரை தலை அது. உங்கடை பையுக்கை என்ன செய்யுது?"

இயந்திரம் சுற்றி நிற்கும்வரைக்கும் விரிப்புகளை மடித்தார். பிறகு சொன்னார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அகதி முகாமில் இருந்தாராம். கையில் மூன்று மாதப் பொடியன். தம்பியைக் கடையோடு எரித்துவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்களாம். "அண்டைக்குப் பால் நிண்டது பிள்ளை. ஒரு சொட்டு வரேல்லை. மாப்பாலும் முகாம் தண்ணியும். அதுக்குப் பிறகு ஒன்பது நாள்தான் இருந்தான். அந்தச் செய்தியைச் சொன்னவன் ஒரு கிழமை பொறுத்துச் சொல்லியிருக்கலாம்."

அவருக்குப் பிள்ளை இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் கட்டிப்பிடிக்கவில்லை. உங்கள் துக்கத்தை என் பிள்ளையின் கையில் ஏன் ஏற்றினீர்கள் அக்கா? "இடதுகைக்காரியாக்கும் எண்டு டொக்டர் சொன்னவரோ?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். கேட்கவே இல்லையாம்.

ஈர உடுப்பை அப்படியே அள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். வீடெல்லாம் தொங்கிச் சொட்டுகிறது. அந்நியன் ஏமாற்றினால் திட்டிவிட்டு மறக்கலாம். இவர்கள் என்னைத் தாயாக மதித்தார்கள், மனிதியாக மதிக்கவில்லை. பால் இருக்கிற இடம் மட்டும் தெரிந்தது, தலை இருக்கிற இடம் தெரியவில்லை.

25 நவம்பர், செவ்வாய்

வேதப் புத்தகக்காரி வந்தார். அதே துணிப்பை, அதே கிலுகிலுப்பை. நானே ஆலோசனை நிலையத்துக்குப் போய், இங்கிலீஷும் கைச்சாடையுமாகச் சொல்லி வரவழைத்தேன். திருமதி கெர்பர், இங்கத்தைய வழக்கில் ஃப்ராவ் கெர்பர். அவரிடம் முதல் வேலையாக "நான் வேண்டாம் என்று சொல்லவில்லை" என்றேன். ஜெர்மனில். மூன்று நாள் பாடமாக்கிய ஒரே வசனம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

பாயை விரித்து வாசுகியோடு தானும் நிலத்தில் படுத்தார். அரை மணித்தியாலம் வெறுமனே பார்த்தார். பிறகு எழும்பி, கட்டிலைக் காட்டினார். சுவர் வலது பக்கம். யன்னல், கதவு, என் குரல், இவருடைய குரல், எல்லாம் இடது பக்கம். பிள்ளை வலது பக்கம் திரும்ப ஒரு காரணமும் இல்லை.

இருவரும் தூக்கிக் கட்டிலைத் திருப்பினோம். தலைமாட்டைக் கால்மாடாக்கினோம். அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை.

இரண்டு நிமிடம். ஏழு மாதம் அந்தச் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறோம்.

9 டிசம்பர், செவ்வாய்

நான் குளிப்பாட்டுவதைப் பார்க்கவேண்டும் என்றார் ஃப்ராவ் கெர்பர். வெட்கமாக இருந்தது. காலை நீட்டி, முழங்காலுக்கு மேல் வாசுகியைக் கிடத்தி, எண்ணெய் பூசி, கையையும் காலையும் குறுக்கே மடித்து நீவினேன். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அவர் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். எண்ணெய்ச் சூட்டில் பொத்திய கை கொஞ்சம் இளகுகிறது என்று காட்டினார். தோளிலிருந்து கீழே நீவி, பெருவிரலை அடியில் பிடித்து மெல்ல விரிக்கவேண்டும். விரல் நுனியைப் பிடித்து இழுக்கக்கூடாது. நான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

கிலுகிலுப்பையை வாசுகி கவனிப்பதே இல்லை. எவர்சில்வர் டம்ளருக்குள் நாலு அரிசி போட்டு வலது பக்கம் ஆட்டினால் தலை திரும்புகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளை அல்லவா.

இவரோடு கதைப்பதில்லை. சோறு போடுகிறேன். அவ்வளவுதான்.

20 சனவரி 1987, செவ்வாய்

வலது கை இடது கை போல வருமா என்று கேட்டேன். வராது என்றார் ஃப்ராவ் கெர்பர். நடப்பாளா? அநேகமாக நடப்பாள், ஆனால் பிந்தும், ஒருவேளை இழுத்து நடப்பாள் என்றார். முன்பே தொடங்கியிருந்தால்? "தெரியாது" என்றார். கை இவ்வளவு இறுகியிராது, ஆனால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

அந்தத் தெரியாதைத்தான் இனி நான் சுமக்கவேண்டும். ஆனாலும் நேரே ஒரு பதில். ஒரு வருடத்தில் முதல் தரம்.

10 பெப்ரவரி, செவ்வாய்

வாசுகிக்கு ஒரு வயது. வாசல்படியில் ஒரு பார்சல் இருந்தது. மேலே கலா அக்காவின் எழுத்து. பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் போட்டேன்.

9 மார்ச், திங்கள்

இவருக்கு ஓய்வு நாள். கடைக்குப் போய்த் திரும்பி வந்தால், இவர் நிலத்தில் குப்புறப் படுத்திருக்கிறார், வாசுகியின் வலது பக்கம். டம்ளரை ஆட்டி ஆட்டி, "இஞ்சை பார் குஞ்சு, இஞ்சாலை" என்கிறார். கண் சிவந்திருந்தது. நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

ஜெர்மன் வகுப்புக்குத் திங்கட்கிழமைகளில் போகலாம் என்று தோன்றியது. இவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். "நான் வகுப்புக்குப் போறன்" என்றேன். நான்கு மாதத்தில் நானாகச் சொன்ன முதல் வார்த்தை. "ஓம், ஓம், போட்டு வாரும்" என்று பதறிக்கொண்டு சொன்னார்.

31 மார்ச், செவ்வாய்

ஒன்றையும் பிடியாமல் தனியே உட்கார்ந்திருந்தாள்! எண்ணினேன். இருபது வரைக்கும். பிறகு வலது பக்கம் சரிந்தாள்.

16 ஜூன், செவ்வாய்

இடது கையால் டம்ளரை எடுத்தாள். வலது கை, தானாக, விரிந்து, வந்து பக்கத்தில் முட்டியது. பிடிக்கவில்லை. முட்டியது. ஃப்ராவ் கெர்பர் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்தினார். நான் அழவில்லை. இன்னொரு தரம் செய் என்று அவளை அதட்டினேன்.

3 செப்டம்பர், வியாழன்

இப்போது கடிதம் வந்தால் இவர் உறையைப் பிரிக்காமல் மேசையில் என் முன்னால் வைக்கிறார். ஊர்க் கடிதமானாலும், அலுவலகக் கடிதமானாலும். நான் வாசித்துவிட்டு இவருக்குச் சொல்கிறேன். இதை மன்னிப்பு என்று சொல்லலாமா? தெரியவில்லை. முதல் போல நம்புகிறேனா என்று என்னையே கேட்டால், இல்லை.

21 அக்டோபர், புதன்

ஃப்ராவ் கெர்பர் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். புதுத் தமிழ்க் குடும்பம், முப்பதாம் கிழமையில் பிறந்த பெடியன், மொழிபெயர்க்க ஆள் வேண்டும், என் வகுப்பு ஜெர்மனும் இங்கிலீஷும் போதுமாம். போனேன். அதே தளம், அதே மணம்.

தகப்பன் இரவீந்திரன் கொரிடோரிலேயே என்னை மறித்தான். இருபத்தைந்து வயது இருக்கும். "அக்கா, டொக்டர் எனக்குப் படம் காட்டினவர். ஏதோ கூடாது எண்டு விளங்குது. அவவுக்கு இப்ப சொல்லாதேங்கோ. பால் வத்திப்போகுமாம்" என்றான். கும்பிட்டான்.

எனக்குக் கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். கோபம் வரவில்லை. உள்ளே அந்தப் பெண் இராஜேஸ்வரி, துவாயில் சுற்றிய போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் சொல்லி முடித்தார். சிறிசுதான், வளந்திடும் என்று சொன்னால் போதும். எல்லோரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கலா அக்காவின் நாக்கில் அன்று என்ன இருந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

சொன்னேன். ஒரு சொல் விடாமல். டொக்டர் தெரியாது என்றதைத் தெரியாது என்றே சொன்னேன். படத்தை வாங்கி அவள் கையில் கொடுத்தேன். அவள் அழுதாள். இரவீந்திரன் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்கவேண்டும். அவள் அழுது முடியும்வரைக்கும் பக்கத்தில் இருந்தேன். பிறகு, எந்தப் பக்கம் சுவர் வரக்கூடாது என்று கட்டில் போடும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தேன்.

22 அக்டோபர், வியாழன்

காலையில் தொலைபேசி அடித்தது. இரவீந்திரன். திட்டத்தான் எடுக்கிறான் என்று நினைத்தேன்.

"அக்கா, தொண்ணூறு மில்லி வந்திருக்காம். நேத்தைக்கு எழுபதுதான்."

தொலைபேசியை வைத்தேன். அலுமாரிக்கு மேலிருந்த பார்சலை எடுத்துப் பிரித்தேன். கம்பளிச் சட்டை, கையால் பின்னியது. வலது கை மட்டும் அகலமாக, தோளிலிருந்து பொத்தான் வைத்து, பொத்திய கையை மடக்காமல் போடக்கூடிய மாதிரி. வாசுகிக்கு இப்போது அளவில்லை.

அவளையும் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். கலா அக்கா கதவைத் திறந்து, என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேற்று ஆஸ்பத்திரியிலை ஒரு தாய்க்கு நீ சொன்னியாம். எங்கடை ஆக்கள் கதைக்கினம்."

"ஓம் அக்கா."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

"பால் நிண்டுதோ?"

இதற்கு ஒரு பொய் சொல்லலாம். கொஞ்சம் குறைந்ததாம் என்று சொல்லலாம். பால் நின்று ஒன்பதாம் நாள் போன அந்தப் பொடியனுக்காகவாவது சொல்லலாம். வாய்வரைக்கும் வந்தது.

"நிக்கேல்லை அக்கா. தொண்ணூறு மில்லி."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு "நல்லது பிள்ளை" என்றார். தேத்தண்ணி வைக்கிறேன் என்று குசினிக்குள் போனார். குழாய் வெகு நேரம் ஓடியது. கேத்தல் அடுப்பில் வைக்கும் சத்தம் வரவில்லை.

வாசுகியை நிலத்தில் விட்டேன். அவள் கதிரையை இடது கையால் பிடித்து, வலது கையையும் அதில் ஊன்றி, மெல்ல எழும்பி நின்றாள். நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. குசினிக்குள் போய்க் குழாயைப் பூட்டிவிட்டு, கலா அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.